பொதுமுகவரிப் பொறுப்பாளர்

உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் யார் வேண்டுமானாலும் இப்போது என்னை அணுகலாம். இந்த வசதியை நான் என் கணினிக்குத்தான் கேட்டேன். எனக்குக் கொடுத்துவிட்டார்கள்.

முறைப்படி முதலிலிருந்து சொல்கிறேன். முறைப்படி இல்லாமல் என்னால் ஒரு டம்ளர் டீ கூடக் கேட்க முடியாது என்று என் மனைவி கரோலின் சொல்வாள். அது மிகை. டீக்காக நான் கடிதம் எழுதியதில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் எழுதியிருக்கிறேன். அச்சரப்பாக்கத்தில் நான் படித்த பள்ளியின் தமிழ் வாத்தியார், “அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை நாலும் சரியாக இருந்தால் கடிதம் எந்த மேசையிலும் எழுந்து நிற்கும்” என்று சொல்லிக்கொடுத்திருந்தார். அதை நம்பி, தெருவிளக்குக்கு எழுதினேன், சாக்கடை மூடிக்கு எழுதினேன், எண்ணூர் அனல்மின் நிலையப் பக்கமிருந்து வந்து எங்கள் துணிக்கொடியில் படியும் சாம்பலுக்கு எழுதினேன். எழுந்து நின்ற கடிதங்கள் எல்லாம் இன்னும் அந்தந்த மேசைகளில் நின்றுகொண்டுதான் இருக்கின்றன.

திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் கிடங்கில் சரக்குக் கணக்குப் பார்க்கும் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பெயர் சைமன். குடியிருப்பது இராயபுரத்தில், கரோலினின் தாய் வீட்டில். வீடு ஓடுவது கரோலினின் மீனில். விடியுமுன் காசிமேட்டில் ஏலம் எடுத்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, ஆட்டோவில் ஏற்றிக் கொடுங்கையூர் போவாள். அங்கே குப்பைமேட்டுக்கு எதிரில் ‘மல்லிகை வனம்’ என்று ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது. அவளுடைய பெட்டியில் பாதி அங்கேதான் காலியாகும்.

மல்லிகை வனத்தின் நுழைவு விதி எளிமையானது. உள்ளே இருக்கும் யாராவது காவலாளிக்குப் போன் செய்து “மீன்கார அம்மாவை விடு” என்று சொன்னால் கேட் திறக்கும். சொல்லாவிட்டால் திறக்காது. முன்பெல்லாம் கரோலின் கீழே நின்று ஒரு குரல் கொடுப்பாள், மேலேயிருந்து போன் போகும். குப்பைமேட்டுப் புகைக்குப் பயந்து இப்போது எல்லா ஜன்னலையும் மூடிவிட்டார்கள். குரல் மேலே போவதில்லை. போகாததால் போன் வருவதில்லை. வராததால் கேட் திறப்பதில்லை.

இதைத் தீர்க்கக் குடியிருப்போர் சங்கம் கூடி, பிரச்சினையை இன்னும் பெரிதாக்கித் தீர்மானம் போட்டது. செயலாளர் குமாரவேல் அதைக் கரோலினுக்கு வாசித்துக் காட்டினார். பொங்கலிலிருந்து, சொந்தமாக இணையப் பக்கம் வைத்திருக்கும் வியாபாரிகளுக்கு மட்டுமே அனுமதி. பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கமிட்டியே கேட்டில் நின்று பக்கத்தைத் திறந்து பார்க்கும். திறக்கவில்லை என்றால், கலர் பனியன் போட்ட ஆட்களை வைத்து மீன் விற்கும் ஒரு கம்பெனிக்கு அந்தக் கேட்டின் மீன் வியாபாரம் முழுவதும் போய்விடும்.

“வாட்ஸ்அப்புல படம் போட்டுர்றேன் சார்” என்று கரோலின் கேட்டிருக்கிறாள்.

“வாட்ஸ்அப் தடை செய்யப்பட்டிருக்கிறது. யாரோ சைவக் குரூப்பில் நண்டுப் படம் போட்டு, மூன்றாவது மாடியும் நாலாவது மாடியும் இன்னும் பேசிக்கொள்வதில்லை” என்றிருக்கிறார் குமாரவேல்.

வீட்டுக்கு வந்து பெட்டியைக் கழுவிக்கொண்டே இதைச் சொன்னாள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “கவலையை விடு. என்னிடம் ஒப்படை” என்றேன். அவள் கவலைப்பட ஆரம்பித்தது அப்போதுதான்.

எங்கள் தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் ஓய்வு பெற்றவர்களுக்காக நடந்த கணினி வகுப்பில் நான் முதல் மாணவன். கிடங்கு கழித்துவிட்ட பழைய கணினி ஒன்று வீட்டில் இருந்தது. அதற்குள் ஒரு விர்ச்சுவல் மெஷின் அமைத்தேன். அதாவது, கணினிக்குள்ளேயே இன்னொரு கற்பனைக் கணினி. அதற்குப் பெட்டி கிடையாது, தட்டுவதற்குப் பலகை கிடையாது, யாரும் அதை மதிப்பதும் கிடையாது. ஆனால் தான் ஒரு முழுக் கணினி என்று அது மனதார நம்பிக்கொண்டிருக்கும். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு அதன்மேல் தனி அன்பு உண்டு. வெளியாட்கள் வந்தால் அந்த உள் மெஷினோடு நிற்கட்டும், என் கடித நகல்கள் இருக்கும் வெளி மெஷின் பக்கம் வர வேண்டாம் என்பது என் ஏற்பாடு.

வகுப்பு நடத்திய அம்மாள், “இதுக்கு வெளியே எங்கேயாவது வாடகைக்கு இடம் எடுத்துப் பக்கத்தை அங்கே வச்சிடலாமே சார்” என்றார். சொந்த வீட்டில் சொந்த மெஷின் இருக்கும்போது வாடகைக்கா என்று கேட்டேன். “இல்லேன்னா உங்க மெஷினே வெளியே ஒரு இடத்துக்குக் கூப்பிட்டு, லைனை வைக்காம வச்சிருக்கும். அதுக்கு டனல்னு பேரு” என்று அவர் ஏதோ சொல்லி, அதற்கொரு கட்டளையும் கொடுத்தார். குறிப்பு நோட்டில் ‘தேவைப்படாதவை’ என்ற தலைப்பின் கீழ் எழுதிக்கொண்டேன்.

பக்கம் தயாரானது. வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, நண்டு, காரப்பொடி எல்லாம் படத்தோடு வந்தன. வீட்டு வைஃபையில் கரோலின் போனில் திறந்து பார்த்தாள்.

“நல்லாத்தான் கீது. சங்கரா கண்ணு கூட தெரிது” என்றாள்.

மறுநாள் மல்லிகை வனம் கேட்டில் நின்று தன் போனில் திறந்தாள். வெள்ளைத் திரையில் ஒரு வட்டம் சுற்றியது. “சுத்திகினே கீதுய்யா” என்று போன் செய்தாள். வீட்டுக்குள் தெரிவது வெளியே தெரியவில்லை. எங்கள் வீட்டு ரவுட்டரில் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து, வெளியிலிருந்து வருபவரை உள் மெஷினுக்கு அனுப்பும்படி ஏற்பாடு செய்தேன். அப்போதும் வட்டம் சுற்றியது. ஆக, தடை எங்கள் வீட்டு வாசலில் இல்லை, அதற்கும் வெளியே இருக்கிறது என்று முறைப்படி முடிவுக்கு வந்து, எங்களுக்கு இணையம் தரும் முத்துக்கடல் ஃபைபர்நெட் நிறுவனத்துக்குக் கடிதத்துடன் நேரில் போனேன்.

அலுவலகம் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், முழுக்கக் கண்ணாடியால் ஆனது. கதவில் எழுதியிருந்தது: ‘வாடிக்கையாளர்கள் எங்களை அழைக்க வேண்டாம். நாங்களே அழைப்போம்.’ கதவைத் தள்ளினேன். அது உள்ளேயிருந்து மட்டும் திறக்கும் கதவு. நின்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேசையில் இருந்த இளைஞர் என்னைப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். என் போன் அடித்தது.

“சார் வணக்கம், முத்துக்கடல் ஃபைபர்நெட்லேருந்து விமல் பேசறேன். நீங்க எங்க ஆபீஸ் வாசல்ல நிக்கிறதா எங்களுக்குத் தெரிய வந்திருக்கு.”

“ஆமாம். எதிரில்தான் இருக்கிறேன்.”

“நேரில் வர்றவங்களை நாங்க நேரடியா அனுமதிக்கிறதில்ல சார். நாங்க கூப்பிட்டிருந்தா வரலாம். இப்ப கூப்பிட்டுட்டேன். வாங்க.”

கதவு திறந்தது. உண்மையைச் சொன்னால், அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. என் கடிதத்தைப் பணிவாக வைத்தேன். விமல் பொருளையும் பார்வையையும் படித்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“சார், உங்க பிளான்ல உள்ளேயிருந்து வெளியே போறது அன்லிமிடெட். வெளியேயிருந்து உள்ளே வர்றது கிடையாது.”

“எந்தப் பிளானில் உண்டு?”

“அப்படி யாரும் கேட்டதில்ல சார். எல்லாரும் வெளியே போகத்தானே நெட் வாங்கறாங்க? உங்க வீட்டுக்கு யார் சார் வரப்போறாங்க?”

கடிதத்தின் பொருள் வரியை விரலால் சுட்டிக் காட்டினேன்.

விமல் இரக்கத்தோடு விளக்கினார். எனக்கென்று இணையத்தில் தனி முகவரி கிடையாது. எங்கள் பேட்டை முழுவதற்கும் சேர்த்து ஒரே முகவரி. நான் ஒரு பக்கத்தைக் கேட்டால், கேட்டது யார் என்று கம்பெனியின் பெட்டி நினைவில் வைத்திருந்து பதிலை என் வீட்டுக்கு அனுப்பும். யாரும் கேட்காமல் வெளியிலிருந்து ஒருவர் வந்து நின்றால், அவர் எந்த வீட்டுக்கு வந்தார் என்று அந்தப் பெட்டிக்குத் தெரியாது. அதனால் திருப்பி அனுப்பிவிடும்.

“அப்படியானால் எனக்குத் தனி முகவரி ஒன்று கொடுங்கள்” என்றேன்.

“அதுக்கு முறை இருக்கு சார்” என்றார் விமல். அந்தச் சொல்லில் நான் விழுந்தேன்.

முறையின் முதல் படி, அக்கம்பக்கத்தாரின் சம்மதம். முன்பின் தெரியாதவர்கள் இணையம் வழியாக என் வீட்டுக்கு வருவதில் ஆட்சேபணை இல்லை என்று அவர்கள் கையெழுத்திட வேண்டும். அடுத்த வீட்டில் பைக் மெக்கானிக் கடை வைத்திருக்கும் யாசினிடம் போனேன்.

“உன் வூட்டுக்கு வர்றவன் என் வூட்டு வழியாவா வருவான் நைனா?” என்றான்.

“கம்பி வழியாக வருவான்.”

“கம்பி என் மொட்டமாடி மேலதான போவுது. செருப்ப கயட்டிட்டு வரச்சொல்லு” என்று கையெழுத்துப் போட்டான். நான் செருப்பு விஷயத்தை ஒரு நிபந்தனையாகவே கீழே எழுதி இணைத்தேன். எதையும் விட்டுவிடக் கூடாது அல்லவா?

இரண்டாம் படி, கள ஆய்வு. ஒருவர் அளவுநாடாவுடன் வந்தார். “மெஷின் எங்க?” என்றார். இதற்குள் இருக்கிறது என்று கணினியைக் காட்டினேன். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். தூசியும் ஒரு செத்த கரப்பானும் இருந்தன. ‘மேற்படி மெஷின் மேற்படி இடத்தில் காணப்படவில்லை’ என்று எழுதிக்கொண்டு போனார்.

மறுப்புத் தெரிவித்து மூன்று பக்கம் எழுதினேன். அப்படியென்றால் விண்ணப்பதாரர் விர்ச்சுவல் மெஷினின் அருகில் நிற்கும் புகைப்படம் வேண்டும் என்றார்கள். வெள்ளைச் சட்டை போட்டு, கணினி மேல் கைவைத்து நின்றேன். கரோலின் படம் எடுத்தாள்.

“சிரிக்காத. கல்லறைத் திருநாளுக்கு எடுத்த மாதிரி நேரா நில்லு” என்றாள்.

அந்தப் படம் நிராகரிக்கப்பட்டது. படத்தில் இருப்பது வெளி மெஷின், உள் மெஷின் இல்லை. திரையில் உள் மெஷினைத் திறந்து வைத்து அதன் அருகில் முகத்தை வைத்து இன்னொரு படம் எடுத்தோம். திரை வெளிச்சத்தில் மெஷின் நன்றாக விழுந்திருந்தது, நான் விழவில்லை. ‘விண்ணப்பதாரர் தெளிவாக இல்லை’ என்று திரும்பி வந்தது. இந்த ஒரு விஷயத்தில் கம்பெனி சொன்னது சரி.

ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது. கரோலின் தினமும் கேட்டில் நின்று, ஜன்னல் மூடிய மாடிகளைப் பார்த்துவிட்டுப் பாதிப் பெட்டி மீனோடு திரும்பினாள். மிஞ்சியதை உப்பு போட்டாள். வீடே கருவாட்டு மண்டி போல ஆனது. நான் அந்த வாசனையில் உட்கார்ந்து நினைவூட்டல் கடிதங்கள் எழுதினேன்.

கடைசியில் வட்டார மேலாளர் பக்தவச்சலம் என்னைப் பார்க்க விரும்புவதாகப் போன் வந்தது. அவர் அறையில் குளிரூட்டி அதிர அதிர ஓடியது. மேசை மேல் என் கடிதங்கள் எல்லாம் அடுக்கி இருந்தன. எழுந்துதான் நின்றன.

“மிஸ்டர் சைமன், உட்காருங்க” என்றார். “தனி முகவரி கேட்கறீங்க. நான் மனம் திறந்து பேசறேன். இந்தப் பேட்டையில் மீனவர் இருக்காங்க, துறைமுகத் தொழிலாளி இருக்காங்க, ரயில்வே இருக்கு, மார்வாடி இருக்காங்க. எல்லாருக்கும் ஒரே முகவரி. இந்த ஒற்றுமையை எந்த அரசாங்கமாவது கொண்டு வந்திருக்கா? நாங்க கொண்டு வந்தோம். இதுல ஒருத்தர் மட்டும் எனக்குத் தனின்னு கேட்டா, மனசுக்குக் கஷ்டமா இருக்கு.”

எனக்கும் கஷ்டமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தேன்.

“அடுத்து, உள்ளே யாரும் வர முடியலைங்கிறீங்க. நான் சேர்ந்தபோது இந்த ஆபீஸ்ல நாள் முழுக்க போன் அடிக்கும். எல்லாம் புகார். வெளியிலிருந்து வரும் அழைப்பை நிறுத்தினோம். புகார் அடியோட நின்னுபோச்சு. தென்மண்டலத்திலேயே புகார் இல்லாத அலுவலகம்னு விருது கொடுத்தாங்க. அதோ இருக்கு பாருங்க. எங்களுக்கு நிம்மதி கொடுத்த அதே தொழில்நுட்பத்தைத்தான் உங்க வீட்டுக்கும் கொடுத்திருக்கோம். இலவசமா.”

விருது கண்ணாடியால் ஆன ஒரு கலங்கரை விளக்கம். விளக்கு எரியவில்லை.

“ஆனால் உங்க கடிதங்கள் என்னை அசைச்சிடுச்சு. இவ்வளவு ஒழுங்கா எழுதற ஒரு மனுஷனைச் சும்மா அனுப்ப முடியாது. தனி முகவரி இல்லை. அதுக்குப் பதிலா, இருக்கிற பொதுமுகவரியையே உங்க பெயரில் பதிவு செய்யறேன். இன்று முதல் நீங்க பொதுமுகவரிப் பொறுப்பாளர். உள் மெஷினுக்கு வழி திறக்கிறது வேற பிரிவு. அவங்களே கூப்பிடுவாங்க.”

சான்றிதழ் தயாராக இருந்தது. பிளாஸ்டிக் உறை போட்டு, முத்திரை வைத்து, பெயருக்குக் கீழே பதவியும் போட்டிருந்தார்கள். கிடங்கில் நான் இருந்த காலம் முழுவதும் என் பெயருக்குக் கீழே ஒன்றும் இருந்ததில்லை. படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று பிறருக்கு எழுதிக்கொடுத்தவன் நான்.

சான்றிதழைச் புனித சவேரியார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். கரோலின் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இத்த காட்டுனா கேட்ட திறப்பானா?” என்றாள்.

அடுத்த நாளிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பேட்டை முழுவதற்கும் ஒரே முகவரி. அந்த முகவரி என் பெயரில். எனவே அந்த முகவரியிலிருந்து யார் என்ன செய்தாலும் செய்தவன் நான். எவனோ புதுப்படத்தைத் திருட்டுத்தனமாக இறக்கியதற்கு வக்கீல் நோட்டீஸ் எனக்கு வந்தது. ஒரு பெண்ணின் தேர்வு விண்ணப்பம், இதே முகவரியிலிருந்து ஏற்கெனவே நிறைய பேர் விண்ணப்பித்துவிட்டார்கள் என்று தள்ளப்பட்டது. அவள் அப்பா வந்து என்னிடம் நியாயம் கேட்டார். சைபர் பிரிவிலிருந்து ஒரு போலீஸ்காரர் வந்து, கவுன்சிலரைப் பற்றிக் கேவலமாகக் கருத்து எழுதியது நான்தானா என்று மரியாதையாக விசாரித்தார். கருத்தைக் காட்டினார். அதில் அவ்வளவு எழுத்துப் பிழை இருந்தது, நான் எழுதியிருக்க முடியாது என்று அவரே சொல்லிவிட்டார். மற்றவர்கள் எல்லாம் நெட் வரவில்லை என்று வந்தவர்கள். கம்பெனி தன் அறிவிப்பில் புகாருக்கு என் கைபேசி எண்ணைப் போட்டிருந்தது.

“இன்னா நைனா, நெட்டு கட்டாயிகினே கீது. பொறுப்பாளரு இன்னா பண்ணிகினு கீறே உள்ள?” என்று யாசின் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டான்.

கூட்டம் என்றால் எனக்கு ஆகாது. ஒழுங்கு படுத்தினேன். கிடங்கிலிருந்து கொண்டுவந்த பழைய சரக்குச் சீட்டுகளைக் கிழித்து டோக்கன் ஆக்கினேன். வாசலில் ஒரு பெஞ்சு போட்டு, டோக்கன் கொடுக்கும் வேலையை யாசினிடம் விட்டேன். வாய்மொழிப் புகார் ஏற்கப்படாது, எழுத்தில் தரவும் என்று அட்டை மாட்டினேன். போன் ஓயாமல் அடித்ததால், உள்ளே வரும் அழைப்புகள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, நான் மட்டும் வெளியே பேசும்படி அமைத்தேன். அட்டையில் இன்னொரு வரி சேர்த்தேன்: ‘பொறுப்பாளரை அழைக்க வேண்டாம். அவரே அழைப்பார்.’ வீட்டில் அமைதி வந்தது. விருது ஒன்றுதான் பாக்கி.

சனிக்கிழமை கம்பெனியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது: ‘தங்கள் கோரிக்கை வெற்றிகரமாக முடித்துவைக்கப்பட்டது.’ முடித்துவைத்தார்கள் என்றால் செய்து முடித்தார்கள் என்றே நான் எடுத்துக்கொண்டேன். அலுவலக மொழியில் அதற்குக் கோப்பை மூடுவது என்று அர்த்தம் எனத் தெரிந்த நானே அப்படி எடுத்துக்கொண்டேன். கரோலினிடம், “எல்லாம் திறந்தாச்சு. தைரியமாகப் போ” என்றேன். ஞாயிறு காலை, தேவாலயத் திருப்பலியைக்கூடச் சாயங்காலத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, பெட்டி நிறைய மீனோடு போனாள்.

நான் பெஞ்சில் இருந்தவர்களை வரிசைப்படி விசாரித்துக்கொண்டிருந்தேன். வெயில் ஏறியபின், பெருமையாக இரண்டு வார்த்தை கேட்கலாம் என்று நானே அவளுக்குப் போன் செய்தேன்.

“எப்படி? திறந்ததா?”

அந்தப் பக்கம் பலர் பேசும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகப் பேசினாள்.

“எவ்ளோ நேரமா கூப்ட்டுகினு கீறேன் தெரிமா உனுக்கு?”

“உள்ளே வரும் அழைப்பை நிறுத்தி வைத்திருக்கிறேன். ஒழுங்குக்காக.”

“பொண்டாட்டிக்குமா?”

விதிவிலக்கு வைக்க நான் மறந்திருந்தேன்.

“கமிட்டி மொத்தமும் கேட்டாண்ட நிக்குது. உன் பக்கம் சுத்திகினே கீது. ஐஸு தண்ணியா ஓடுது. அந்த பனியங்காரன் வண்டிய கொண்டாந்து என் பக்கத்துலயே நிறுத்திகினு பல்ல காட்றான். குமாரவேல் சாரு வாட்ச பாத்துகினு கீறாரு.”

“நீ பதற்றப்படாதே. நான் போனை வைத்துவிட்டுக் கம்பெனிக்கு அவசரமாக ஒரு—”

“வச்சிடாத” என்றாள். “வச்சிட்டீன்னா மறுபடி உன்ன புடிக்க முடியாது. நான் கூப்ட்டா நீ வரமாட்டே. இது நீயா கூப்ட்ட லைனு. அப்படியே வச்சிரு. இதுலயே நான் பேசறது உனுக்குக் கேக்குதில்ல? அப்பறம் இன்னா?”

போனைக் காதில் வைத்தபடியே எழுந்தேன். பெஞ்சில் இருந்தவர்களும் என்ன காரணமோ எழுந்து நின்றார்கள். வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. ஆனால் உள்ளே இருப்பவன் தானாக வெளியே கூப்பிட்டு, லைனை வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தால், அதே லைனில் வெளியில் இருப்பவர்கள் எல்லாம் அவனிடம் பேசலாம். நானே பல நாட்களாகக் கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தும், இது எனக்குத் தோன்றவில்லை. நோட்டை எடுத்து, ‘தேவைப்படாதவை’ என்ற பக்கத்தைத் திறந்தேன். டனல்.

உள் மெஷினின் முன் உட்கார்ந்து, வகுப்பு அம்மாள் சொன்ன கட்டளையைத் தட்டினேன். என் கற்பனைக் கணினி தன் வாழ்நாளில் முதல் தடவையாகத் தானே வெளியே போனது. எங்கேயோ ஒரு தேசத்தில் இருக்கும் யாரோ ஒருவரின் கணினியைக் கூப்பிட்டு, வைக்காமல் பிடித்துக்கொண்டது. உள்ளேயிருந்து வெளியே அன்லிமிடெட். கம்பெனியின் விதி எதுவும் மீறப்படவில்லை. அந்தத் தூரத்துக் கணினி எங்களுக்கு ஒரு தற்காலிக முகவரி கொடுத்தது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இங்கிலீஷ் எழுத்துகளை ஒட்டவைத்த, ரயில் போல நீளமான முகவரி.

“கரோலின், போனை சத்தமாக வை. நான் எழுத்து எழுத்தாகச் சொல்கிறேன். நீ செயலாளருக்குச் சொல்.”

“சொல்லு.”

“வி.”

“பியா, வியா?” என்று தூரத்தில் குமாரவேல் கேட்பது கேட்டது.

“வி சார். வஞ்சிரம்” என்றாள் கரோலின்.

“கே.”

“கே. காரப்பொடி.”

“என்.”

“என். நெத்திலி சார்.”

“எம்மா, என்னா?” என்றார் குமாரவேல்.

“நெத்திலின்றேன் இல்ல சார். எம்முன்னா மத்தின்னு சொல்லிருப்பேன்.”

“எஸ்.”

“எஸ். சங்கரா.”

அங்கே ஒரு பெண் குரல் குறுக்கிட்டது. “சங்கரா இருக்காம்மா? புதுசா?”

“காலைல ஏலத்துல எடுத்தது மேடம். இருங்க, இவரு அட்ரஸ முடிச்சிரட்டும்.”

“எனக்கு நெத்திலி எடுத்து வை. போன வாரம் கேட்டே திறக்கலைன்னு வீட்ல ஒரே சண்டை” என்றது இன்னொரு குரல்.

“எஃப்” என்றேன் நான்.

“எஃப்புக்கு மீனு இல்ல சார். வெறும் எஃப்பு” என்றாள் கரோலின். அதற்குள் பெட்டியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. முகவரி பாதி வருவதற்குள் யாரோ பை எடுத்துவரச் சொல்லி மாடிக்குப் போன் செய்தார்கள். மாடியில் இருந்தவர்கள் ‘மீன்கார அம்மாவை விடு’ என்று காவலாளிக்குப் போன் செய்தார்கள். கடைசி எழுத்தை நான் சொன்னபோது கரோலினின் போன் குமாரவேல் கையில் இருந்தது, அதைக் கேட்க அவரைத் தவிர யாரும் இல்லை.

“திறந்துவிட்டது” என்றார் அவர்.

நான் மூச்சு விட்டேன். பெஞ்சுக்காரர்களில் ஒருவர் கைதட்டினார்.

“ஆனால் இதில் நண்டு போட்டிருக்கிறது. பெட்டியில் நண்டு இல்லை. பெட்டியில் கவளை இருக்கிறது, பக்கத்தில் இல்லை.”

பக்கத்தை நான் அமைத்த நாளுக்குப் பிறகு மீனை மாற்றவே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. விண்ணப்பம் எழுதுவதிலேயே காலம் போய்விட்டது.

குமாரவேல் தொண்டையைச் செருமினார். “இருந்தாலும், தீர்மானம் பக்கத்தைப் பற்றியது. மீனைப் பற்றியது இல்லை. பக்கம் இருக்கிறது. அம்மாவை உள்ளே விடு” என்று காவலாளியிடம் சொன்னார். காவலாளி, “அவங்க அப்பவே உள்ள போயிட்டாங்க சார்” என்றான்.

கரோலின் வெறும் பெட்டியோடு வீட்டுக்கு வந்தபோது பெஞ்சு நிறைந்திருந்தது. வாசல் சாத்தியிருந்தது. யாசின் டோக்கன் கட்டை நீட்டினான்.

“எடுத்துக்கோக்கா. நைனா யாரையும் சும்மா உள்ள வுட வேணாம்னு சொல்லிக்கிறாரு.”

எனக்கு உள்ளே எல்லாம் கேட்டது, ஜன்னல் வழியாகத் தெரியவும் செய்தது. அவள் என்ன சொல்வாள் என்று காத்திருந்தேன். டோக்கன் எடுத்துக்கொண்டு பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்துவிட்டாள். ஐஸ் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரிடம், “உங்களுக்கு இன்னா பிரச்சின?” என்று விசாரிக்க ஆரம்பித்தாள்.

நானே எழுந்துபோய் உள்ளேயிருந்து கதவைத் திறந்தேன். அட்டையைக் கழற்றினேன். சான்றிதழையும் கழற்றினேன், ஆணியை மட்டும் விட்டுவைத்தேன். கரோலின் உள்ளே வந்து, கைகூடக் கழுவாமல், மேசையிலிருந்த என் போனை எடுத்து உள்வரும் அழைப்புகளைத் திறந்துவிட்டாள்.

அந்த வினாடியே போன் அடித்தது. அவளே எடுத்து, சத்தமாக வைத்தாள்.

“மிஸ்டர் சைமன்? பக்தவச்சலம் பேசறேன். ஞாயித்துக்கிழமைன்னுகூடப் பார்க்காம எங்க ஆபீஸ்ல காலையிலேருந்து நெட் இல்ல. விருதுக் கமிட்டி வேற வர்றாங்க. சிஸ்டத்துல பார்த்தா பொறுப்பாளர்னு உங்க நம்பர்தான் வருது. எவ்வளவு நேரமா முயற்சி பண்றேன், லைனே கிடைக்கல.”

நான் பொருள், பார்வை எல்லாம் மனதில் வரிசைப்படுத்திக்கொண்டு வாயைத் திறந்தேன். கரோலின் மீன் வாசனையடிக்கும் கையால் என் வாயைப் பொத்தினாள்.

“சாரு உள்ள கீறாரு” என்றாள் போனில். “நீங்க கூப்புட வேணாம் சார். அவரே கூப்புடுவாரு.”

வைத்துவிட்டாள்.

நான் இன்னும் கூப்பிடவில்லை. கடிதம் மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். மேசையில் நன்றாக எழுந்து நிற்கிறது.